பன்னர்கட்டா மலைக்கு ஒரு நாள் பயணம்: சுற்றுலாப் பயணி அறியாத நான்கு எல்லைகள்

பெங்களூருவின் தென்கோடியில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள பொம்மசந்திராவை மலையோடும் வன விலங்குகளோடும் யாரும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. மருந்து ஆலைகள், இயந்திர உதிரிபாகத் தொழிற்கூடங்கள், பெரிய மருத்துவமனை வளாகம், இரவும் பகலும் ஓயாத சரக்கு லாரிகள் ஆகியவையே அப்பகுதியின் அடையாளம். ஆனால், அங்கிருந்து மேற்கே ஜிகணி வழியாகச் சுமார் 15 கி.மீ. சென்றால் பன்னர்கட்டா மலைக்காடு தொடங்கிவிடுகிறது. யானை, சிறுத்தை, கரடி, காட்டெருது, கடமான், செந்நாய் ஆகியவை இயற்கையாக வாழும் காடு அது. நாட்டின் பெருநகரங்களில் இத்தகைய காட்டை இவ்வளவு அருகில் கொண்டவை மிகச் சிலவே.

இந்த அண்மைதான் இப்போது விற்பனைப் பொருளாகியுள்ளது. வார இறுதி நாள்களில் ஐந்தாறு பேர் கொண்ட குடும்பம் அல்லது நண்பர் குழு ஒன்று வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு, வழிகாட்டி ஒருவரின் துணையுடன் அதிகாலையில் புறப்பட்டு மாலைக்குள் வீடு திரும்புகிறது. வாகனம், ஓட்டுநர், வழிகாட்டி, நுழைவுச் சீட்டு, மதிய உணவு என அனைத்தையும் ஒரே கட்டணத்தில் அடக்கித் தருவதே இத்தகைய தனியார் ஒரு நாள் சுற்றுலாவின் முறை. காலையில் சஃபாரி, பிற்பகலில் ஆனேகல் அருகே உள்ள முத்யால மடுவு அருவி, மாலையில் மலைக் காட்சி என ஒரே நாளில் அனைத்தும் முடிந்துவிடுகின்றன. விடுப்பு எடுக்க இயலாத தொழிலாளிக்கும், மருத்துவமனைக்கு வந்த இடத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைத்த வெளியூர்க்காரருக்கும் இது எட்டக்கூடிய மகிழ்ச்சி.

2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்த பின்னர், இந்த மகிழ்ச்சி இன்னும் பலருக்கு எட்டியுள்ளது. ராஷ்ட்ரீய வித்யாலயா சாலையில் இருந்து 16 நிலையங்களுடன் 19.15 கி.மீ. நீளத்துக்கு வரும் அத்தடம் பொம்மசந்திராவில்தான் முடிவடைகிறது. அதே ஆகஸ்ட் மாதத்தில், பொம்மசந்திராவை ஒட்டிய சூர்யா சிட்டியில் சுமார் 80,000 பேர் அமரக்கூடிய கிரிக்கெட் மைதானத்துடன் ரூ.1,650 கோடியில் விளையாட்டு வளாகம் அமைக்கக் கர்நாடக அரசு ஒப்புதல் அளித்தது. மெட்ரோவை ஓசூர் வரை நீட்டிக்க வேண்டும் என்பது தமிழகத் தரப்பின் நீண்ட நாள் எதிர்பார்ப்பு. நகரம் தெற்கு நோக்கி வேகமாக நகர்கிறது என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

நகரம் நகரும் திசையில்தான் காடும் இருக்கிறது. ஒரு நாள் பயணம் மேற்கொள்ளும் பயணி காலை முதல் மாலை வரை நான்கு எல்லைகளைத் தொட்டுச் செல்கிறார். சஃபாரி வேலி, தேசியப் பூங்காவின் எல்லை, அதைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வளையம், மாநில எல்லை ஆகியவையே அவை. இவற்றில் முதலாவதை மட்டுமே அவர் கண்ணால் காண்கிறார். அவர் ரசித்த மலை அடுத்த தலைமுறைக்கும் மலையாகவே இருக்குமா என்பதை முடிவு செய்பவை மற்ற மூன்று எல்லைகள். அவற்றுள் மிக முக்கியமான ஒன்றை வரைந்தது தில்லி.

முதல் எல்லை - சஃபாரி வேலி: பன்னர்கட்டா என்றதும் பெரும்பாலோர் நினைப்பது உயிரியல் பூங்காவை. 1974இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட வனப்பகுதியில் இருந்து, பார்வையாளர்களுக்கான ஒரு பகுதி 2002இல் நிர்வாக ரீதியாகப் பிரிக்கப்பட்டு உயிரியல் பூங்காவானது. விலங்குக் காட்சிச்சாலை, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, மீட்பு மையம், சஃபாரி ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்கும். புலி, சிங்கம், கரடி, தாவர உண்ணிகள் ஆகியவற்றுக்கான சஃபாரிகளோடு, 2024 ஜூனில் சுமார் 20 ஹெக்டேர் பரப்பில் சிறுத்தை சஃபாரியும் தொடங்கப்பட்டது.

சஃபாரியில் பயணி காணும் புலியும் சிங்கமும் வேலிக்குள் பராமரிக்கப்படுபவை. பன்னர்கட்டா காட்டில் சிங்கம் இயற்கையாக வாழ்வதே இல்லை. இதில் குறை சொல்ல ஏதுமில்லை. வளர்ப்பு விலங்குகளுக்குக் கூண்டைவிட விரிந்த வெளி நல்லது. காட்டுக்குள் வாகனங்கள் நுழைவதைவிட வேலிக்குள் நுழைவது காட்டுக்கும் நல்லது. ஆயினும், "வன விலங்கைப் பார்த்தேன்" என்று வீடு திரும்பும் பயணிக்கு, வேலிக்கு அப்பால் உள்ள உண்மையான காடு கண்ணில் படாமலேயே போய்விடுகிறது.

வேலிக்குள்ளும் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2025 ஆகஸ்ட் 15ஆம் தேதி சஃபாரி ஜீப்பில் சென்ற பொம்மசந்திராவைச் சேர்ந்த சிறுவன் ஒருவனைச் சிறுத்தை ஒன்று ஜன்னல் வழியாக நகத்தால் கீறியது. அதே ஆண்டு நவம்பரில், சஃபாரி பேருந்தில் சென்ற சென்னையைச் சேர்ந்த பெண் ஒருவர் சிறுத்தை தாக்கிக் காயமடைந்தார். ஜன்னல்களுக்குக் கம்பி வலை பொருத்துவது பற்றிய பேச்சு இந்நிகழ்வுகளால் தீவிரமடைந்தது. கம்பி வலை அவசியம்தான். ஆனால், விலங்கு மிக அருகில் வர வேண்டும், படம் தெளிவாக அமைய வேண்டும் என்ற பயணியின் எதிர்பார்ப்புக்கு வலை போட இயலாது. வாகனத்தை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக நிறுத்துமாறு ஓட்டுநரை வற்புறுத்தும் ஒவ்வொரு பயணியும் இந்த ஆபத்தில் பங்குதாரர்.

இரண்டாம் எல்லை - தேசியப் பூங்கா: உயிரியல் பூங்காவுக்கு அப்பால் பன்னர்கட்டா, ஆனேகல், ஹாரோஹள்ளி, கோடிஹள்ளி ஆகிய நான்கு வனச் சரகங்களில் பரவியுள்ளது தேசியப் பூங்கா. பிற்காலத்தில் விரிவாக்கப்பட்ட அதன் பரப்பு 260.51 சதுர கி.மீ. வடக்கே பெங்களூருவின் புறநகரைத் தொடும் இக்காடு, தெற்கே காவிரிப் படுகை வனங்களை நோக்கி நீண்டு செல்கிறது.

இங்கே தனியார் வழிகாட்டியின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 28ஆவது பிரிவுகளின்படி, சரணாலயத்துக்குள் நுழைய தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரின் அனுமதிச் சீட்டு தேவை. வன உயிரின ஆய்வு, புகைப்படம், சுற்றுலா உள்ளிட்ட குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே அந்த அனுமதி வழங்கப்படும். 35ஆவது பிரிவின் மூலம் இவ்விதிகள் தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். அதாவது, எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும், "ரகசியப் பாதை", "இரவு யானை தரிசனம்" போன்றவற்றை எந்தத் தனியார் வழிகாட்டியும் சட்டப்படி விற்க முடியாது. அப்படி ஒருவர் விற்றால், வாங்குபவரும் சட்டத்தை மீறியவர் ஆகிறார்.

இந்த விதியின் பொருளைத் தமிழகம் பெரும் விலை கொடுத்து உணர்ந்துள்ளது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீயில், மலையேற்றத்துக்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வார விடுமுறையில் சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளில் இருந்து குழுவாக அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். உரிய அனுமதி பெறப்பட்டதா என்ற கேள்வி அப்போது பெரும் சர்ச்சையாக வெடித்தது. அதன் பின்னரே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் அரசே மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. மலைவாழ் மக்கள் உள்ளிட்ட உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக அதில் பணியமர்த்தப்பட்டனர்.

கர்நாடகத்திலும் இதையொத்த திருப்பம் நிகழ்ந்தது. 2024 ஜனவரியில் குமாரபர்வத மலையில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டதை அடுத்து, முன்பதிவு இல்லாத மலையேற்றங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அதே ஆண்டு அக்டோபரில், ஒரு பாதைக்கு நாளொன்றுக்கு 300 பேர் என்ற வரம்புடன் இணையவழி முன்பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. வழிகாட்டி யார், எத்தனை பேர், எந்தப் பாதை என்ற மூன்று கேள்விகளுக்கும் அரசிடம் பதில் இருக்க வேண்டும் என்பதே இரு மாநிலங்களும் கற்ற பாடம்.

மூன்றாம் எல்லை - பாதுகாப்பு வளையம்: தேசியப் பூங்காவின் எல்லைக் கல் நடப்பட்ட இடத்தில் காடு முடிந்துவிடுவதில்லை. அதைச் சுற்றியுள்ள ஏரிகள், மேய்ச்சல் நிலங்கள், புதர்க்காடுகள், ராகி வயல்கள் ஆகியவற்றின் வழியாகவும் விலங்குகள் நடமாடுகின்றன. இப்பகுதியில் கல் குவாரி, பெருங்கட்டடம், ஆலை போன்றவற்றைக் கட்டுப்படுத்த, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இன் கீழ் "சூழல் உணர்திறன் மண்டலம்" அறிவிக்கப்படுகிறது. இதற்கான அறிவிக்கையை வெளியிடும் அதிகாரம் மத்திய அரசுக்கே உண்டு. மாநில அரசு பரிந்துரைக்கலாம், முடிவு தில்லியில்.

பன்னர்கட்டாவுக்கான முதல் வரைவு அறிவிக்கையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 ஜூனில் வெளியிட்டது. பூங்கா எல்லையில் இருந்து குறைந்தபட்சம் 100 மீட்டர், அதிகபட்சம் 4.5 கி.மீ. வரை, மொத்தம் 268.96 சதுர கி.மீ. பரப்பு அதில் இடம்பெற்றது. அதாவது, காட்டின் பரப்புக்கு ஏறத்தாழ இணையான பாதுகாப்பு வளையம். இதற்கு உள்ளூரில் எதிர்ப்பு எழுந்தது. மாநில அமைச்சரவைத் துணைக் குழு பரப்பைக் குறைக்கப் பரிந்துரைத்தது. 2018இல் இரண்டாவது வரைவு வெளியானது. 2020 மார்ச் 11ஆம் தேதி வெளியான இறுதி அறிவிக்கையில் வளையத்தின் பரப்பு 168.84 சதுர கி.மீ.; அதிகபட்ச அகலம் ஒரு கி.மீ. மட்டுமே. முதல் வரைவோடு ஒப்பிட்டால், 100 சதுர கி.மீ.க்குச் சற்று அதிகமான நிலம் பாதுகாப்பு வளையத்தில் இருந்து விடுபட்டுவிட்டது.

இதில் எந்தக் கட்சியும் கைகழுவிக்கொள்ள இயலாது. முதல் வரைவு வெளியான 2016இல் கர்நாடகத்தில் காங்கிரஸ் ஆட்சி; இரண்டாவது வரைவு வெளியானபோது மதச்சார்பற்ற ஜனதா தளம் - காங்கிரஸ் கூட்டணி; இறுதி அறிவிக்கையின்போது பாஜக ஆட்சி. மத்தியில் மூன்று கட்டங்களிலும் தேசிய ஜனநாயகக் கூட்டணி. மற்ற விஷயங்களில் மோதிக்கொள்ளும் கட்சிகள், இந்த வளையம் சுருங்கியதைத் தடுத்து நிறுத்தவில்லை.

எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் அனைவரும் நில வணிகர்களோ, குவாரி உரிமையாளர்களோ அல்லர். வளையத்துக்குள் வந்தால் வீடு கட்ட முடியாது, கிணறு வெட்ட முடியாது, நிலத்தை விற்க முடியாது என்ற அச்சம் சிறு விவசாயிகளிடம் உண்மையாகவே இருந்தது. இத்தகைய அறிவிக்கைகளில் உள்ளூர் மக்களின் விவசாயமும் கால்நடை வளர்ப்பும் தடை செய்யப்படுவதில்லை. வணிக ரீதியான சுரங்கமும் கல் உடைப்பும் மாசு ஏற்படுத்தும் ஆலைகளுமே தடைக்குள்ளாகின்றன. பூங்கா எல்லையில் இருந்து ஒரு கி.மீ.க்குள் புதிய வணிக விடுதிகளுக்கும் அனுமதி இல்லை. ஆனால், இந்த வேறுபாட்டைக் கிராமத்துக்குச் சென்று அவர்கள் மொழியில் விளக்க வேண்டிய கடமையை அரசுகள் நிறைவேற்றத் தவறின. விவசாயியின் அச்சமும் குவாரியின் லாபமும் ஒரே எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டதன் காரணம் இதுவே.

உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரச்னையில் ஒரு சுற்று வந்தது. பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு வனத்தைச் சுற்றியும் குறைந்தபட்சம் ஒரு கி.மீ. வளையம் கட்டாயம் என 2022 ஜூன் 3ஆம் தேதி உத்தரவிட்டது. கேரளம் உள்ளிட்ட மாநிலங்களில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2023 ஏப்ரல் 26ஆம் தேதி அந்த உத்தரவைத் தளர்த்திய நீதிமன்றம், வரைவு அல்லது இறுதி அறிவிக்கை வெளியான வனங்களுக்கு அது பொருந்தாது என்றது. அதேசமயம், தேசியப் பூங்கா, சரணாலய எல்லையில் இருந்து ஒரு கி.மீ.க்குள் சுரங்கப் பணிக்குத் தடை தொடரும் என்றும் தெளிவுபடுத்தியது. ஒரே அளவுகோல் எல்லாக் காடுகளுக்கும் பொருந்தாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், பெருநகரத்தின் விளிம்பில் உள்ள காட்டுக்குக் கூடுதல் அகலம் தேவையா, குறைந்த அகலம் போதுமா என்ற கேள்விக்கு அந்த வாதம் பதில் அளிக்கவில்லை.

கூடுதல் அகலம் தேவை என்பதற்குப் பன்னர்கட்டாவின் வடிவமே சான்று. வட்டமாகத் திரண்ட காடு அல்ல அது. நீண்டு, இடையிடையே ஒடுங்கிச் செல்லும் காடு. கரடிக்கல் - மாதேஸ்வரா என்ற இடத்தில் காடு மிகக் குறுகலாகிறது. யானை வழித்தடமாக அடையாளம் காணப்பட்ட இடம் அது. அங்கே ஒரு குடியிருப்போ, சுற்றுச்சுவரோ எழுந்தால் வடக்குப் பகுதி யானைகள் தெற்கில் இருந்து துண்டிக்கப்பட்டுவிடும். இது போதாதென்று, பெங்களூருவைச் சுற்றியுள்ள துணை நகரங்களை இணைக்கும் வட்டச் சாலைத் திட்டமும் ஆனேகல், தட்டேகெரே, கனகபுரா வழியாக இப்பகுதியைக் கடக்கும் வகையில் வகுக்கப்பட்டது. சாலை, மின்பாதை, குடியிருப்பு என ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியவை. ஒன்று சேர்ந்தால், யானைக்கு அவை ஒரே மதில்.

நான்காம் எல்லை - இரு மாநிலங்கள்: தமிழக வாசகர்களை நேரடியாகத் தொடும் எல்லை இதுதான். பன்னர்கட்டா காட்டின் தெற்கு விளிம்பை அடுத்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, ஜவளகிரி வனங்கள் உள்ளன. பன்னர்கட்டாவில் இருந்து புறப்படும் யானைக் கூட்டங்கள், ராகி முற்றும் பருவத்தில் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் அருகே சானமாவு வரை வருவது ஆண்டுதோறும் நிகழ்வது. அக்டோபர் இறுதியில் இருந்து பிப்ரவரி வரை, அப்பகுதி விவசாயிகள் வயலில் பரண் கட்டிக் கண்விழித்துக் காவல் காக்கின்றனர். ஓராண்டு உழைப்பு ஓர் இரவில் மிதிபட்டுப் போவதும், சில நேரங்களில் உயிரே போவதும் அங்கே புதிதல்ல.

பெங்களூருவின் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் தளி, தேன்கனிக்கோட்டை இளைஞர்களில் பலர் இத்தகைய விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. பகலில் பொம்மசந்திராவில் வேலை. இரவில் ஊரில் யானைக் காவல். பயணி கட்டணம் செலுத்திக் காண விரும்பும் அதே யானையை, இவர்கள் பட்டாசு கொளுத்தி விரட்ட வேண்டியுள்ளது.

2025 அக்டோபரில் வெளியான, மரபணு அடிப்படையிலான முதல் தேசிய யானைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 22,446 யானைகள் உள்ளன. அதில் 6,013 யானைகளுடன் கர்நாடகம் முதலிடம் வகிக்கிறது. தமிழகத்தில் 3,136 யானைகள். ஆனால், எல்லையோர யானைகளை எந்த மாநிலத்தின் கணக்கில் சேர்ப்பது என்பது காகிதத்துக்கு மட்டுமே பொருந்தும் கேள்வி. கர்நாடகத் தரப்பில் யானைகள் வெளியேறாமல் இருக்கப் பழைய ரயில் தண்டவாளங்களால் வேலி அமைக்கப்பட்டது. ஓர் இடத்தில் வேலி எழுந்தால், யானை வேலி இல்லாத இடம் தேடி நகரும். அந்த இடம் எல்லைக்கு இப்பால் இருந்தால், ஒரு மாநிலத்தின் தீர்வு மறு மாநிலத்தின் பிரச்னையாகிவிடும்.

தமிழகம் தன் பங்குக்கு 2014இல் 504.33 சதுர கி.மீ. பரப்பில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தையும், 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கி.மீ. பரப்பில் காவிரி தெற்கு சரணாலயத்தையும் அறிவித்தது. கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு இவை இணைந்து பெரும் வனத் தொடராக அமைகின்றன. அத்தொடரின் வட முனையே பன்னர்கட்டா. தெற்கே ஆயிரம் சதுர கி.மீ.க்கு மேல் காட்டைக் காத்து, வடக்கே வளையத்தைச் சுருக்குவது ஒரு கையால் கட்டி மறு கையால் அவிழ்ப்பதற்கு ஒப்பாகும். காவிரி நீரில் மோதிக்கொள்ளும் இரு மாநிலங்களும் காவிரிக் காட்டில் ஒன்றுபட்டே ஆக வேண்டும். வேறு வழியை யானைகள் விட்டுவைக்கவில்லை.

பந்திப்பூர் உணர்த்தியது: சுற்றுலாவுக்கும் உள்ளூர் மக்களின் உயிருக்கும் உள்ள உறவு எவ்வளவு பதற்றமானது என்பது 2025 நவம்பரில் வெளிப்பட்டது. மைசூரு மாவட்டம் சரகூரு பகுதியில் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துப் புலி தாக்கி விவசாயிகள் உயிரிழந்தனர். மக்களின் கொந்தளிப்பை அடுத்து, பந்திப்பூர், நாகரஹொளே புலிகள் காப்பகங்களில் சஃபாரியையும் மலையேற்றத்தையும் மறு உத்தரவு வரும்வரை நிறுத்த மாநில வனத் துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே நவம்பர் 7ஆம் தேதி உத்தரவிட்டார். சஃபாரி பணியாளர்களும் வாகனங்களும் புலியைத் தேடும் பணிக்குத் திருப்பிவிடப்பட்டனர். 2022ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் 150, 141 புலிகளுடன் நாட்டின் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த காப்பகங்கள் இவை.

சஃபாரி வாகனங்களின் இரைச்சலே விலங்குகளைக் காட்டைவிட்டு விரட்டுகிறது என்பது விவசாயிகளின் குற்றச்சாட்டு. சஃபாரியை நிறுத்தினால் ஓட்டுநர், வழிகாட்டி, விடுதிப் பணியாளர் என ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழப்பர் என்பது மறு தரப்பின் வாதம். இரண்டும் புறந்தள்ளக் கூடியவை அல்ல. ஆனால், வருவாய் ஒரு கூட்டத்துக்கும் ஆபத்து மற்றொரு கூட்டத்துக்கும் என்ற நிலை நீடிக்கும்வரை இந்த மோதல் ஓயாது என்பதே அந்த நவம்பர் உணர்த்திய உண்மை.

இதற்கான வழி முன்னரே சொல்லப்பட்டுள்ளது. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு 2012 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்த உச்ச நீதிமன்றம், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியானதை அடுத்து அக்டோபரில் தடையை விலக்கியது. மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதோடு, சுற்றுலா நிறுவனங்களிடம் பாதுகாப்புக் கட்டணம் வசூலித்து உள்ளூர் மக்களின் நலனுக்கும் வனப் பாதுகாப்புக்கும் செலவிட வேண்டும் என்றும் அந்த நெறிமுறைகள் கூறின. 2025 நவம்பர் 17ஆம் தேதி கார்பெட் காப்பகம் தொடர்பான தீர்ப்பிலும், மையப் பகுதியில் புலி சஃபாரி அமைக்கவும் இரவுச் சுற்றுலாவுக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

பன்னர்கட்டா புலிகள் காப்பகம் அல்ல என்பதால் இந்த நெறிமுறைகள் அதற்கு நேரடியாகப் பொருந்துவதில்லை. ஆனால், அவற்றின் நியாயம் பொருந்தும். மெட்ரோ முனையத்தில் இருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள காட்டுக்கு, தொலைதூரக் காப்பகங்களைவிட அதிக நெருக்கடி உண்டு.

செய்யக் கூடியவை: மத்திய அரசு நினைத்தால் 2016ஆம் ஆண்டு வரைவில் இருந்த அகலத்தை, குறைந்தபட்சம் யானை வழித்தடங்களை ஒட்டிய பகுதிகளிலாவது மீட்டெடுக்கலாம். அதற்கு முன்பு, வளையத்துக்குள் எது அனுமதிக்கப்படும், எது தடுக்கப்படும் என்பதைக் கிராம சபைகளில் கன்னடத்திலும், எல்லைக்கு இப்பால் தமிழிலும் விளக்க வேண்டும். சுற்றுலாக் கட்டணத்தின் ஒரு பகுதி, பயிர்ச் சேத இழப்பீடாகத் தாமதமின்றி விவசாயியின் கணக்குக்குச் செல்ல வேண்டும். அந்த விவசாயி எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில் பொருளில்லை. ராகிஹள்ளியிலும் ஆனேகலிலும் தளியிலும் உள்ள இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி அளித்தால், யானையின் வரவை அச்சமாக மட்டுமே கண்டவர்களுக்கு அதில் ஒரு வருவாயும் கிடைக்கும்.

பயணியும் சிலவற்றைச் செய்யலாம். காரை அமர்த்தும் முன், அழைத்துச் செல்லப்படும் இடத்துக்கு வனத் துறையின் அனுமதி உண்டா, வழிகாட்டி உரிமம் பெற்றவரா, தங்கும் அல்லது உண்ணும் விடுதி பாதுகாப்பு வளையத்துக்குள் விதி மீறிக் கட்டப்பட்டதா எனக் கேட்கலாம். செவ்வாய்க்கிழமை உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை என்பதை அறிந்தவர்கள், மலைக்கும் ஓய்வு தேவை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். விலங்கு தென்படாத பயணத்தை ஏமாற்றம் என்று கருதாத பயணிகள் பெருகினால், விலங்கைத் துரத்திக் காட்டும் வழிகாட்டிகள் குறைவர்.

மாலை ஆறு மணி அளவில் கார்கள் ஜிகணி வழியாகப் பொம்மசந்திராவுக்குத் திரும்புகின்றன. மெட்ரோ முனையத்தில் இறங்கிக்கொள்ளும் பயணிகளின் கைப்பேசிகளில் சிங்கமும் புலியும் மலையும் படங்களாகப் பத்திரமாக இருக்கின்றன. அதே நேரத்தில், தளி அருகே ஒரு விவசாயி கைவிளக்கை எடுத்துக்கொண்டு பரணில் ஏறுகிறார். இருவருக்கும் இடையே உள்ள தொலைவு 40 கி.மீ. அளவே. அந்தத் தொலைவுக்குள் எவ்வளவு காடு எஞ்சியிருக்கும் என்பதை முடிவு செய்வது அவர்கள் இருவரும் அல்லர். அவர்கள் வாக்களித்துத் தில்லிக்கும் பெங்களூருவுக்கும் சென்னைக்கும் அனுப்பியவர்களே. 100 சதுர கி.மீ. எங்கே போயிற்று என்று இருவரும் சேர்ந்து கேட்கும் நாளில்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.